பீலிக்கரைத் தேரை

கண்டிக் குறுந்தேரை இலங்கையின் மலைக்காட்டு ஓடைகளில் வாழும் சின்ன உயிர். 1872இல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர், இலங்கையிலிருந்து லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த உடல்களைப் பார்த்து, அதற்குக் கண்டியின் பெயரைச் சூட்டி எழுதினார். அதன் பிறகு நெடுங்காலம் அந்தப் பெயரில் அதை எவரும் கண்டதாகப் பதிவில்லை. 2004இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அற்றுப்போன இனமாகப் பதிவானது. பிறகு 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரோடு போனவர்களும் சிவனொளிபாத மலைக் காட்டுக்குள் அதை உயிரோடு கண்டார்கள். 2012இல் அந்தச் செய்தி ஆய்விதழில் வெளியாகி, நாளிதழ்களுக்கும் வந்தது.

கோயம்புத்தூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் அந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தாள். "அம்மா, இது உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்த எனக்கு அதை மடித்து வைக்க நெடுநேரமாயிற்று. அன்றைக்கு இரவுச் சமையலை மகள்தான் பார்த்துக்கொண்டாள்.

சிறுமியாக நான் எங்கள் தோட்டத்து ஓடையில், பீலிக்கரையில் பார்த்ததும் படத்தில் இருந்ததும் ஒன்றுதான் என்று சாதிக்க மாட்டேன். இலங்கையின் ஈரக் காடுகளில் இதற்குக் கெலார்ட் குறுந்தேரை என்று ஓர் உடன்பிறப்பும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல, தெரிந்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உட்காரும் வாகு அதேதான். நீண்டு மெலிந்த கால்களை மடக்கி, முன்னங்கைகளை உள்பக்கம் திருப்பி ஊன்றி, தலையைச் சற்றே தூக்கி வைத்திருக்கும் அந்த வாகை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே, சிவனொளிபாத மலையை அண்ணாந்து பார்க்கிற சரிவில் இருந்தது. கடைசி மலையில் தேயிலை முடிகிற இடத்திலேயே காடு நிற்கும். நடுவில் வேலி கிடையாது. காலையில் பனி இறங்கினால் எது தேயிலை, எது காடு என்று தெரியாது. காட்டிலிருந்து இறங்கும் ஓடையைத் தகரம் வைத்து காம்பிரா என்கிற அறைகள் வரிசையாக ஒட்டிநிற்கும் எங்கள் லயத்துப் பக்கம் திருப்பியிருந்தார்கள். அதுதான் பீலி. குடிக்க, குளிக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தண்ணீர்தான். அம்மா விடியலில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து கொழுந்து பறிக்க ஏறிவிடுவதால், தண்ணீர் எடுத்து வைப்பது என் வேலை. குடம் நிறைகிற நேரத்தில் பீலிக்கு மேலே பாறைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அங்கேதான் அந்தத் தேரைகள். லயத்து வாசலில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெரிய தேரையின் உப்பிய வயிறு இதற்குக் கிடையாது. என் அன்றைய கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். முதுகைத் தொட்டால் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன அம்மாவின் விரல்நுனி போல் சொரசொரக்கும். தண்ணீர் தெறிக்கிற தூரத்தில், பாறையின் ஈரம் ஊறும் பக்கமாகப் பார்த்து உட்காரும். அடிவயிற்றைக் கல்லோடு ஒட்டிவைத்து அப்படியே கிடக்கும். குளிரில் நடுங்குகிறதோ என்று நினைத்திருக்கிறேன். பல வருடம் கழித்து மகளின் பாடப்புத்தகத்தில் காரணம் கிடைத்தது. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. நான் குடத்தோடு காத்திருந்த நேரமெல்லாம் அதுவும் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தது.

அது இரை எடுப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். எறும்போ சின்னப் பூச்சியோ பாறையில் ஊர்ந்து வரும். தேரை அசையாது. தொண்டை மட்டும் துடிக்கும். பிறகு நாக்கு வந்து போனதே தெரியாது, எறும்பு இருக்காது. விழுங்கும்போது இரண்டு கண்களும் மூடி உள்ளே அமிழ்ந்து மறுபடி மேலே வரும். அந்தக் கண்கள்தான் உள்ளிருந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிடுகின்றன. கண்மணி கிடைக்கோடாக, கறுப்பாக இருக்கும். சுற்றிலும் பொன் பொடி. கையில் எடுத்தால் முதலில் உள்ளங்கையை நனைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும். கீழே விட்டால் ஓடையில் பாய்ந்து, இழுப்பு குறைந்த பக்கத்துக் கல்லைப் பற்றிக்கொள்ளும். பின்னங்கால் விரல்களுக்கு நடுவே தோல் விரிவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

அக்கா தங்கையில் மூத்தவள் அம்மா, இளையவள் சித்தி. அவர்களுடைய தாய், அம்மாயி, எங்களோடு இருந்தாள். தேரை மேலே விழுந்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்று நம்புகிறவள் அவள். பச்சைக் குழந்தை இருக்கிற காம்பிராவுக்குள் தேரை வந்தால் முறத்தில் ஏந்தி வெளியே விடுவாள். ஆனால் பீலிக்கு மேலே இருக்கிற தேரையைப் பையன்கள் கல்லால் அடித்தால் விறகுக் கட்டையோடு வருவாள். "அது கெடக்கிற தண்ணிதான்டா நல்ல தண்ணி. அது செத்தா நீ குடிக்கிறது என்னான்னு யாரு சொல்லுவா?" என்பாள். கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பியவள். அந்தப் படி எங்களுக்கும் வர வேண்டுமென்று மாதக் கடைசியில் சம்பளப் பேர்ச்சீட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. அந்தக் காடு குறுகியது எங்கள் ஆட்களின் கையால். குந்தர் அந்தத் தேரைக்குப் பெயர் வைத்த 1872இல் மலையெங்கும் கோப்பி. தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த எங்கள் முன்னோர்களில் பலர் வழியிலேயே செத்தார்கள். மிஞ்சியவர்கள் கோடாலி பிடித்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. சில வருடங்களில் தோட்டங்கள் அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. வெட்டச் சொன்னவர்கள் துரைமார். வெட்டியதற்குக் கூலி வாங்கியவர்கள் நாங்கள். எத்தனை ஓடைகளின் நிழல் போனது, எத்தனை தேரைகள் வெயிலில் காய்ந்தன என்பதற்குக் கணக்குப்பிள்ளை ஏடு எதுவும் இல்லை. இலங்கையின் பழைய ஆவணங்களில் பெயர் இருந்து, பிறகு திரும்பக் கிடைக்காமல் போன தவளைகள் ஏராளம். ஒரு சிறு தீவுக்கு அது பெரிய இழப்பு. சிவனொளிபாத மலைச் சுற்றுக்காடு மிஞ்சியது அதன் செங்குத்தாலும் உச்சியில் இருக்கும் பாதச்சுவட்டின் மேல் எல்லா மதத்தாருக்கும் இருந்த பக்தியாலும்.

மிஞ்சிய அந்தக் காட்டுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது நான் ஊரைவிட்டு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. குறுந்தேரையைக் கண்ட அதே விக்கிரமசிங்கவின் குழு, நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகக் காணாதிருந்த ஒரு மரத்தவளையையும் அங்கே மீண்டும் கண்டது. 2013இல் ஒரே கட்டுரையில் எட்டுப் புதிய தவளை இனங்களை அந்தக் காட்டிலிருந்து பெயரிட்டார்கள். எல்லாம் எங்கள் லயத்துக் கூரைக்குப் பின்னால் தெரிந்த அந்தக் காட்டில். ராத்திரி முழுக்க அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் தூங்கினோம்.

இனி ஊரைவிட்டு வந்த கதை. இலங்கையில் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஏட்டில் இல்லாதவர்களானார்கள். 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். சித்தப்பா இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா. ஒரு காம்பிரா இந்தியா, அடுத்தது இலங்கை. அம்மாயி சித்தியோடு நின்றுவிட்டாள்.

அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறிய நாளைப் பற்றி மலையகத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்த அழுகைக்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். மண்டபத்தில் எனக்கு முதலில் தட்டிய குறை தண்ணீர்ச் சத்தம் இல்லாததுதான். பிறந்ததிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்த ஓடை நின்றுபோயிருந்தது. கடல் சத்தம் போட்டது. அது வேறு சத்தம்.

பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. மறுபடி லயம், மறுபடி கொழுந்து, மறுபடி காட்டு ஓரம். அந்த ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். சிலோனில் எங்களைத் தோட்டக்காட்டான், இந்தியாக்காரன் என்றார்கள். மழையும் பனியும் அட்டையும் எல்லாம் ஒத்துப்போனதால் அம்மா சீக்கிரம் பழகிவிட்டாள். நான் ஓடை தேடினேன்.

ஓடை கிடைத்தது. நல்ல ஓடைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கென்றே வாழ்கிற உயிர்கள் உண்டு. பாறையில் நின்று பின்னங்காலைத் தூக்கி விரித்துக் காட்டுகிற நடனத் தவளைகளை அங்கேதான் பார்த்தேன். அவ்வளவு இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் காலால் பேசுகிற உயிர் அது. அதன் மேல் எனக்கு உள்ளன்பு உண்டு. ஆனால் பீலிக்கரைத் தேரை கிடைக்கவில்லை. கல்லைப் புரட்டினேன், வேரடியில் பார்த்தேன், மழை விட்ட சாயங்காலங்களில் டார்ச்சோடு போனேன். தோட்டத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் நான் தங்கம் தேடுகிறேன் என்று சொல்லித் திரிந்தார்கள்.

கிடைக்காததற்குக் காரணத்தை மகள்தான் சொன்னாள். அந்தக் குறுந்தேரைகளின் பேரினமே இலங்கைக்கு மட்டும் உரியது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாக்குநீரிணை அகலமில்லை; கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலங்களில் தரைவழியே இருந்திருக்கிறது. இருந்தும் அது வரவில்லை. மலை ஓடையின் குளிரை விட்டுச் சமவெளி வெயிலைத் தாண்ட அதன் தோலால் முடியாது. ஒப்பந்தம் போட்டு அதைப் பாதியாகப் பிரிக்க எவராலும் முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. அது தன் ஓடையில் நின்றுவிட்டது. அம்மாயியைப் போல.

மகள் கொண்டுவந்த செய்தி அதோடு முடியவில்லை. 1998இல் கேலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் அதே பேரினத்தில் ஒரு மலைத்தேரையைப் புதிய இனம் என்று விவரித்து, இந்திய விலங்கியலாளர் இந்திரனீல் தாஸின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். 2015இல் மாதவ மீகஸ்கும்புரவும் அவருடைய சகாக்களும், அந்த இருவரும் சேர்ந்தே, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, தாஸின் தேரையும் கண்டிக் குறுந்தேரையும் ஒன்றே என்று முடிவு கட்டினார்கள். 2004இல் ஒரு பெயரில் அது அற்றுப்போனதாகப் பதிவானபோது, வேறொரு பெயரில் உயிரோடும் பதிவாகியிருந்தது. தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே விட்டுக்கொடுத்த அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. அரசாங்கங்கள் எங்கள் விஷயத்தில் அப்படித் தங்கள் முடிவைத் திருத்திக்கொள்ள 2003 வரை ஆனது. அந்த வருடம் வந்த சட்டத்தில்தான் நாடற்றவராக அங்கேயே மிஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அம்மாயி அதைப் பார்க்க இல்லை.

சித்தி மகன் அந்தத் தோட்டத்திலேயே ஆபீசில் வேலை செய்கிறான். நான் வந்த பிறகு பிறந்தவன். அக்கா என்று போனில் அழைக்கிற குரல்தான் எனக்குத் தெரியும். அவனிடம் பீலியைப் பற்றிக் கேட்டேன்.

"பீலி இப்ப இல்லக்கா. மேல தொட்டி கட்டிக் குழாய் போட்டாச்சு. எல்லாக் காம்பிராவுக்கும் பைப்பு வருது."

நல்ல விஷயம். எங்கள் அம்மாவும் அம்மாயியும் குடம் சுமந்த இடுப்பு வலியோடு காலத்தைக் கழித்தவர்கள். பீலி போனதில் எனக்கு வருத்தமில்லை. ஓடையைக் கேட்டேன்.

"ஓடை இருக்குக்கா. ஆனா தேயிலைக்கு மருந்தடிச்ச தண்ணி கான் வழியா அதுலதான் விழுது. மேல காட்டுப் பக்கம் போனா தெளிவா இருக்கும்."

தேரை இருக்கிறதா என்றேன். அவன் அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை என்றான். மழை விட்டதும் போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். அடுத்த முறை அழைத்தபோது, "சின்னதா ஒண்ணு பாறையில இருந்துச்சுக்கா. போனை எடுக்கிறதுக்குள்ள தண்ணியில பாஞ்சிருச்சு" என்றான். எந்தத் தேரை என்று தெரியாது. காலை மடக்கி எப்படி உட்கார்ந்திருந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவன் சொன்னதில் அந்த மருந்துத் தண்ணீர்தான் என்னை உறுத்துகிறது. தோலால் தண்ணீர் குடிக்கும் உயிருக்கு, குடிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வழியில்லை. ஓடையில் எது கலந்தாலும் அது உடம்புக்குள் போய்விடும். மலையகத்தின் பல ஓடைகளைச் சிறு மின்நிலையங்களுக்காகக் குழாய்க்குள் திருப்பியிருக்கிறார்கள். திருப்பிய இடத்துக்குக் கீழே பாறை காய்கிறது. பாறை காய்ந்தால் இந்தத் தேரைக்குப் போக்கிடம் இல்லை. சிவனொளிபாதக் காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தக் காட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் கேட்பாரற்றுப் போகிறது.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை ஏறும் பருவம். நல்லதண்ணி வழியாக எங்கள் ஆட்களும் சிங்களவர்களும் வெளிநாட்டாரும் லட்சக்கணக்கில் ஏறுகிறார்கள். வழியில் சீதகங்குல ஓடையில் இறங்கிக் குளித்துவிட்டு மேலே போவது பழைய வழக்கம். அந்த வழக்கம் இருக்கட்டும். ஆனால் சவர்க்காரமும் ஷாம்பு உறையும் அந்தத் தண்ணீரில் போகக் கூடாது. முங்கி எழுந்தாலே போதும், பாதத்துக்கு அதுவே சுத்தம். பிஸ்கட் உறையையும் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டுபோன பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தோட்டங்களில் இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. காட்டோரத்து ஓடைக்குப் போய் மெதுவாக உட்காருங்கள். தேரையைக் கண்டால் கையில் எடுக்க வேண்டாம், கல்லையும் புரட்ட வேண்டாம். ஒரு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் மழை பெய்ததா என்பதையும் எழுதி வையுங்கள். ஆய்வு செய்யப் பேராதனையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாராவது வந்தால் அதைக் கொடுங்கள். எழுதியவர் பெயராக உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடச் சொல்லுங்கள்.